தூக்கியவன் தோள் அறியும்

பழனியில் காலைப் பேருந்து பிடித்தேன். மலைமேல், கோடைக்கானலில், கழகத் தோழர்களின் கூட்டம். சன்னலோரத்தில் இடம் கிடைத்தது. ஒரு பக்கம் முருகன் மலை. சற்றுத் தள்ளி இடும்பன் மலை. முன்னதற்குப் படி உண்டு, விஞ்ச் உண்டு, பக்தர் கூட்டம் உண்டு. பின்னதை ஏறிட்டுப் பார்ப்பவர் குறைவு. இரண்டு மலைகளைக் காவடி கட்டித் தோளில் சுமந்து வந்தவன் இடும்பன் என்பது புராணம். சுமந்து வந்தவனுக்குக் கிடைத்தது வாயில் காக்கும் வேலை. மலைமேல் ஏறி நின்றவருக்குக் கோயில்! கதையை நம்பும்படி உங்களை அழைக்கவில்லை. கதை கட்டியவனே தன்னை அறியாமல் உலக நடப்பைச் சொல்லிவிட்டானே, அதைத்தான் காட்டுகிறேன்.

எனக்கு முன் இருக்கையில் இருவர். ஒருவர் சென்னைக் கனவான்; மகள் நியூஜெர்சியில் இருப்பதைப் பேருந்து புறப்பட்ட ஐந்தாம் நிமிடத்தில் அனைவருக்கும் தெரிவித்துவிட்டார். மற்றவர் முதியவர், தோளில் பழைய கம்பளி, பெருமாள்மலையில் இறங்க வேண்டியவர்.

"யார் என்ன வேணுமானாலும் சொல்லட்டும் பெரியவரே, அமெரிக்காவிலேதான் மனுஷனை மனுஷனா மதிக்கிறான். வரிசைன்னா வரிசை. ஜாதி கிடையாது, சிபாரிசு கிடையாது. மூணு தடவை போய்ட்டு வந்துட்டேன். சொர்க்கம்!"

முதியவர் மரியாதையோடு தலையாட்டினார். பிறகு சொன்னார்:

"நமக்கு அம்புட்டு வெவரம் தெரியாதுங்கய்யா. எங்க பாட்டனும் அவரு அப்பனும் அமெரிக்காத் தொரைமாரை டோலியிலே வச்சு இந்த மலைக்குத் தூக்கியாந்தவுக. பாட்டன் சொல்லுவாரு: தொரை தங்கமான மனுசருதான், ஆனா நல்ல கனம்னு."

பேருந்து சிரித்தது. கனவானும் சிரித்தார். நானும் சிரித்தேன். வளைவுகள் தொடங்கின, சிரிப்பு ஓய்ந்தது, அந்தச் சொல் மட்டும் என்னை விடவில்லை.

எவர் சொன்னது உண்மை? இருவர் சொன்னதும் உண்மை. கனவான் கண்ட அமெரிக்கா, விமான நிலைய வாயிலில் மகள் காரோடு காத்து நின்ற அமெரிக்கா. கிழவரின் குடும்பம் கண்ட அமெரிக்கா, தோளிலே காய்ப்பேற்றிய அமெரிக்கா. நாடு ஒன்று, நின்ற இடம் இரண்டு. வல்லரசைப் பற்றிப் பேசுபவர், அந்த நாட்டை அளந்து சொல்வதாக எண்ணிக்கொள்கிறார். பெரும்பாலும் அவர் அளந்து சொல்வது, தாம் நின்ற படியின் உயரத்தைத்தான்!

பேசிவிட்டுப் போகட்டும், நமக்கென்ன என்பீர்கள். இரண்டு சாட்சிகள் இருக்க, ஒருவர் சாட்சியத்தை ஏட்டில் எழுதிக்கொண்டு மற்றவர் சாட்சியத்தைச் சிரித்துத் தள்ளிவிட்டால், அதற்கு விலை கொடுப்பவன் பாட்டாளி. காசாக அல்ல, உடம்பாக! கோடைமலையே அதற்குச் சான்று.

அமெரிக்கர் மலையேறிய கதை

1834-ல் அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தது. வந்தவர்களைச் சமவெளியின் வெயிலும் காய்ச்சலும் காலராவும் வாட்டின, பலர் மாண்டனர். உயிர் பிழைக்க உயரம் தேடினர். 1845-ல் இம்மலைமீது இரண்டு பங்களாக்களைக் கட்டினர். கோடைக்கானல் நகரத்தின் பிறப்பு அது. உதகையை உண்டாக்கியவன் ஆங்கிலேய அதிகாரி. கோடையை உண்டாக்கியவர் அமெரிக்கப் பாதிரிமார். பிறகு 1863-ல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் நீரோடையை மறித்து ஏரி அமைத்தார். 1875-ல் ரயில் அம்மையநாயக்கனூருக்கு வந்தது. மோட்டார் வண்டி மலையேறியதோ 1914-ல்.

1845-லிருந்து 1914 வரை, ஏறத்தாழ 70 ஆண்டுகள். ஏழாயிரம் அடி உயரத்துக்கு அந்தப் பெட்டியும் படுக்கையும் எப்படி ஏறின? குதிரை ஏறத் தெரியாதவரும், பிள்ளை பெற்ற தாயும், பிறந்த பிள்ளையும் எப்படி ஏறினர்? பெரியகுளத்துப் பக்கத்துத் தோப்பிலிருந்து கிளம்பிய மலைப்பாதையிலே, டோலியிலும் நாற்காலியிலும், கூலிக்காரர்களின் தோளிலே ஏறினர். ஏரிக்கு லெவிஞ்ச் பெயர் சொல்லப்படுகிறது. உலாவும் பாதைக்குக் கோக்கர் பெயர் நிற்கிறது. தூக்கியவர்களின் பெயர் எந்தக் கல்லிலே இருக்கிறது? தேடிப் பாருங்கள் தோழர்களே!

நியாயத்தை மறைப்பது நம் பழக்கமன்று. அந்த அமெரிக்கர் நமக்குச் செய்த நன்மையும் உண்டு. மதுரைச் சீமையில் பள்ளி திறந்தனர், மருத்துவமனை திறந்தனர். 1881-ல் பசுமலையில் தொடங்கிய கல்லூரிதான் பின்னர் மதுரையில் அமெரிக்கன் கல்லூரியாக வளர்ந்தது. 1847-லேயே, சாதியை விடாதவனுக்கு மிஷன் ஊழியத்தில் இடமில்லை என்று கண்டிப்பாக நின்றனர். ஏட்டைத் தொடக்கூடாது என்று விரட்டப்பட்ட வீட்டுப் பிள்ளை, மிஷன் பள்ளிப் பலகையில் அமர்ந்து அகரம் எழுதியபோது, அவன் கண்ணுக்கு அமெரிக்கா எப்படித் தெரிந்திருக்கும்? விடுதலையாகத் தெரிந்திருக்கும். அதே நாளில் அக்கிரகாரத்துக்கு அது மிலேச்ச நாடு. கடல் தாண்டினால் பிராயச்சித்தம்!

இன்னொரு காட்சியையும் பாருங்கள். மதுரையிலே சாதியைக் கைவிடு என்று அமெரிக்க மிஷன் உபதேசித்த அதே காலத்தில், அமெரிக்காவிலே 1850-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 32 லட்சம் கறுப்பு மக்கள் அடிமைகள். பாதிரிமாரில் பலர் அடிமைமுறையை வெறுத்த வட மாநிலங்களிலிருந்து வந்தவர்கள்தாம். எனினும், மதுரைப் பள்ளிப் பையன் கண்ட அமெரிக்காவைப் பருத்திக் காட்டு அடிமையிடம் காட்டியிருந்தால், அது எந்த நாடு என்று அவன் கேட்டிருப்பான்!

1901-ல் கோடையில் ஒரு பள்ளி எழுந்தது, மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக. 1970-களில்தான் அது பன்னாட்டுப் பள்ளி என்று பெயர் மாறிற்று. ஏரிக்கரையில் அமெரிக்கப் பாடம் படித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, அமெரிக்கா என்பது கடிதம் வரும் ஊர், பாட்டி இருக்கும் ஊர். அவர்கள் நல்ல பிள்ளைகளாகவே இருந்திருப்பர். ஆயினும், டோலியில் அமர்ந்தவனுக்குத் தெரிவது பள்ளத்தாக்கின் அழகு. தூக்கியவனுக்குத் தெரிவது அடுத்த கல் எங்கே என்பது.

கதவு திறந்த கதை

மிலேச்ச நாடு எப்போது சொர்க்கமாயிற்று? 1923-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் பகத்சிங் திண்ட் என்ற பஞ்சாபியர் நின்றார். அமெரிக்கப் படையிலே பணிபுரிந்தவர். குடியேறியவரில் வெள்ளையர்க்கும் ஆப்பிரிக்க வழியினர்க்கும் மட்டுமே குடியுரிமை என்பது அன்றைய சட்டம். அவர் பக்கத்து வாதம் என்ன தெரியுமா? தாம் உயர்சாதி, ஆரியர், ஆகவே வெள்ளையர்! ஊரைவிட்டுப் போனாலும் வருணம் மூட்டையோடு போகிறது, பார்த்தீர்களா? நீதிமன்றம் ஏற்க மறுத்தது. ஆரியப் பெருமை அங்கே செல்லாக் காசாயிற்று.

1946-ல் சிறிது கதவு திறந்தது: இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 100 பேர். 1965-ல் வந்த புதிய குடியேற்றச் சட்டம் கதவை அகலத் திறந்தது. படிப்பும் தொழில் திறனும் உடையவர் வரலாம் என்றது. அந்த நேரத்தில் பட்டத்தோடு வாசலில் நின்றவர் யார்? தலைமுறை தலைமுறையாகப் படிப்பைத் தன் வீட்டுச் சொத்தாக வைத்திருந்த கூட்டம். 100-க்கு 3 பேராக இருந்தவர்கள் பட்டத்திலும் பதவியிலும் பெரும்பங்கைப் பிடித்திருந்த நிலையை 1916-ஆம் ஆண்டின் பிராமணரல்லாதார் அறிக்கையே எடுத்துக்காட்டிற்றே! அவர்கள் முதலில் நுழைந்தனர். 'தகுதியை மதிக்கும் நாடு' என்று புகழ்ந்தனர். தகுதியை இங்கே யார் யாருக்குப் பங்கிட்டார் என்ற கேள்வியை மட்டும் விமானம் ஏறும்முன் இறக்கிவைத்துவிட்டனர்.

பிறகு இடஒதுக்கீட்டால் படித்து நம் வீட்டுப் பிள்ளைகளும் போயினர். போன இடத்தில் என்ன கண்டனர்? 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதி காட்டி வேற்றுமை செய்வதைத் தடுத்துச் சட்டம் செய்தது. அவ்வாண்டே கலிபோர்னியச் சட்டமன்றத்தில் அத்தகைய மசோதா நிறைவேறியது; அக்டோபரில் ஆளுநர் அதற்கு ஒப்பமிட மறுத்தார். மசோதாவுக்கு ஆதரவாகவும் எதிராகவும் நின்றவரில் நம் நாட்டார் நிறைய. ஒரே நகரம், ஒரே தொழில், ஒரே சம்பளம்கூட இருக்கலாம், ஒருவர் "இங்கே சாதி ஏது?" என்றார், மற்றவர் "என்னை வந்து கேள்" என்றார். பேருந்துக் கனவான் "ஜாதி கிடையாது" என்று சொன்னது பொய்யில்லை. அவர்மீது அது படவில்லை, அவ்வளவே. முள் குத்தாதவன் காட்டைப் பூங்கா என்பான்!

கண்ணாடிக் குழாயின் கதை

இனி, இம்மலையிலேயே நடந்ததைக் கேளுங்கள்.

நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்றோர் ஊர். அங்கே அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் காய்ச்சல் மானி ஆலை இருந்தது. அது மூடப்பட்டது, இயந்திரங்கள் கப்பலேறின, 1983-84 வாக்கில் கோடைக்கானலுக்கு வந்து சேர்ந்தன. பாண்ட்ஸ் நிறுவனம் ஆலையை நடத்தியது. பாதரசமும் கண்ணாடியும் வெளிநாட்டிலிருந்து வரும்; செய்து முடித்த மானி வெளிநாட்டுக்கே போகும். 1987-ல் அமெரிக்கத் தாய்க் கம்பெனியை யூனிலீவர் வாங்கியது. ஆலை பின்னர் இந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. போபாலில் அமெரிக்கக் கம்பெனியின் விஷவாயு ஊரைக் கொன்றது 1984 டிசம்பரில். கோடை ஆலை தொடங்கிய காலமும் அதுதான்!

ஆலையை ஒவ்வொருவரும் எப்படிப் பார்த்தனர்? பங்கு வைத்திருந்தவருக்கு அது இலாபம். அதிகாரிக்கு அது அந்நியச் செலாவணி. மலையூர் இளைஞனுக்கு அது மாதச் சம்பளம்; சீசன் முடிந்தால் வேலையும் முடியும் ஊரிலே, ஆண்டு முழுதும் வேலை. வெளிநாட்டுக் கம்பெனி, வெளிநாட்டு இயந்திரம், அவர்களுக்குத் தெரியாததா என்ற நம்பிக்கை ஒருவனுக்கு எழுந்திருந்தால் அதில் என்ன வியப்பு? வல்லரசைப் பற்றி மேலே அமர்ந்தவர் சொன்ன புகழுரையைக் கீழே நின்றவனும் நம்பினான். தன் கண்ணை விற்று அவர் கண்ணை வாங்கினான்.

2001 மார்ச் 7-ல் ஊர் மக்களும் சுற்றுச்சூழல் இயக்கத்தாரும் மூஞ்சிக்கல்லில் உள்ள பழைய சாமான் கடைக்கு ஊர்வலம் சென்றனர். பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7 டன்னுக்கு மேல் அங்கே கிடந்தது. அடுத்த நாளே ஆலை நின்றது. ஆலை இருந்த இடம் பாம்பாற்றுச் சோலையின் மேட்டிலே. சோலை நீர் கும்பக்கரை அருவியாகப் பெரியகுளம் பக்கம் இறங்குகிறது. அன்று டோலி தூக்கியவர் புறப்பட்ட அதே சீமைக்கு!

2003-ல் பாதரசம் கலந்த கழிவு 290 டன் தூத்துக்குடியில் கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போயிற்று. கண்ணாடியும் பாதரசமும் திரும்பிப் போயின. தொழிலாளியின் உடம்பைத் திருப்பி அனுப்ப முடியுமா? சிறுநீரகக் கோளாறு, நரம்புத் தளர்ச்சி என்று முன்னாள் தொழிலாளர்கள் முறையிட்டனர். ஆலையால் தொழிலாளர் உடல்நலத்துக்குக் கேடு நேரவில்லை என்று நிறுவனம் ஆய்வுகளைக் காட்டி மறுத்தது. தொழிலாளர் சங்கம் உயர்நீதிமன்றம் சென்றது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது.

2015 சூலையில் சென்னைப் பாடகி சோபியா அஷ்ரப் ஒரு பாட்டுப் பாடினார். ஆங்கிலத்திலே, அமெரிக்கப் பாட்டு ஒன்றின் மெட்டிலே! இலட்சக்கணக்கானோர் பார்த்தனர், உலக ஏடுகள் எழுதின. 2016 மார்ச்சில் உடன்பாடு ஏற்பட்டது. 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு, மனிதாபிமான அடிப்படையில் என்று கூறி, நிறுவனம் தொகை வழங்க ஒப்பியது. பாடிய பெண்ணைப் பாராட்டுகிறேன். தன் குரலைத் தூக்கத் தெரியாதவர்க்குத் தந்தார். ஆனால் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். 14 ஆண்டுகளாகத் தமிழிலே, மலையூர்த் தமிழிலே, தொழிலாளி சொன்னதும் அதே செய்திதானே? தோள் சொன்னபோது கேளாத காது, மெட்டுக் கட்டியதும் கேட்டதே! இதைத்தான் சாட்சியைச் சிரித்துத் தள்ளுவது என்றேன்.

அண்ணா சென்ற வாசல்

அமெரிக்காவை வெறுக்கச் சொல்கிறேன் என்று எவரும் எண்ணவேண்டாம். 1968-ல் முதலமைச்சராக இருந்த அண்ணா, யேல் பல்கலைக்கழகத்தின் அழைப்பை ஏற்று அங்கே விருந்தினராகச் சென்றார். அதே ஆண்டில் நோயாளியாகவும் நியூயார்க் சென்றார்; அங்குள்ள மருத்துவர்கள் அறுவைச் சிகிச்சை செய்தனர். அந்த அறிவையும் அந்தப் பரிவையும் மறப்பவன் தமிழனல்லன்.

ஆனால் யேல் என்பது யார் பெயர்? எலிகு யேல், 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் கவர்னர். சென்னை வாணிபத்தில் சேர்த்த செல்வத்தோடு இங்கிலாந்து திரும்பியவர். அவர் 1718-ல் அமெரிக்கக் கல்லூரிக்கு அனுப்பிய துணிமணி மூட்டைகளும் பிற பொருள்களும் 562 பவுனுக்கு விற்றன. நன்றிக்கடனாகக் கல்லூரி அவர் பெயரைச் சூடிக்கொண்டது. பேராசிரியர் பார்த்தால் அது கல்விக் கோயில். தறியில் குனிந்தவன் பார்த்தால், கீழைக் கடற்கரை வாணிபத்தில் விளைந்த காசு கட்டிய கோயில். காஞ்சியின் நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை அந்த மண்டபத்தில் விருந்தினராக நின்றாரே, அந்த ஒருவருக்கு இரண்டு பார்வையும் உரிமை! அறிவை வணங்கவும் வேண்டும்; அதன் அடியிலிருக்கும் மூட்டையை அவிழ்த்துப் பார்க்கவும் வேண்டும். தொண்டனுக்கு நான் வேண்டுவது அந்த இரட்டைப் பார்வையே.

நம்மைப் பார்ப்பது யார்?

இதோடு முடித்துவிட்டால் எனக்கு எளிது. அக்கிரகாரத்தைச் சாடினோம், வல்லரசைச் சாடினோம், கைதட்டல் வாங்கினோம் என்று இறங்கிப் போய்விடலாம். மனம் விடவில்லை.

இப்பழனி மலைத்தொடரிலே பளியர் வாழ்கின்றனர். பங்களா கட்டியவனுக்கும் முன்னால், தோட்டம் போட்டவனுக்கும் முன்னால், தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்தவர்கள். அவர்கள் கண்ணுக்கு வல்லரசு எது? வாஷிங்டனா? சமவெளியிலிருந்து ஏறிப்போன நாம்தான்! நம் தோட்டம், நம் விடுதி, நம் காவல் சாவடி. நாம் தமிழ் வாழ்க என்று முழங்கும்போது, தன் மலையில் தன் குடிசைக்குப் பட்டா கேட்டு நிற்பவன் காதில் அது எப்படி விழும்? திருப்பூர் ஆலைக்குப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளி, தமிழ்நாட்டைப் பற்றி ஊருக்கு எழுதும் கடிதத்தில் என்ன எழுதுவான்? அந்தக் கடிதத்தைப் படிக்கும் துணிவு நமக்கு உண்டா? நம் வீட்டுப் பிள்ளைகளும் நியூஜெர்சி போய்விட்டனர். நாமும் டோலியில் கால் வைத்துவிட்டோம். அமர்ந்துவிட்டால் பள்ளத்தாக்கு அழகாகத்தான் தெரியும் தோழர்களே!

ஆகவே, எந்தப் பெரிய நாட்டைப் பற்றி எவர் பேசினாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். ஐயா, தாங்கள் அதை எந்த வாசலில் நின்று பார்த்தீர்கள்? தங்களை அங்கே தூக்கிச் சென்றவர் யார்? முதல் கேள்விக்கு விடை வரும். இரண்டாவதற்குப் பெரும்பாலும் வராது. வராத இடத்தில், தூக்கியவனைத் தேடிப்பிடித்து அவனைக் கேளுங்கள். அவன் சொல்வது முழு உண்மையாக இராது. ஆனால் அவன் சொல்லாமல் எந்த உண்மையும் முழுமையாகாது.

பெருமாள்மலை வந்தது. முதியவர் எழுந்தார். நடுவழியில் கனவானின் பெட்டி கிடந்தது. விமானச் சீட்டு ஒட்டிய பெரிய பெட்டி. "பெரியவரே, அதைக் கொஞ்சம் அப்படித் தூக்கி வச்சிட்டுப் போங்களேன்" என்றார் கனவான், கெட்ட எண்ணம் ஏதுமின்றி. முதியவர் குனிந்து, மூச்சடக்கித் தூக்கி ஓரத்தில் வைத்தார். கம்பளியைச் சரிசெய்துகொண்டார்.

"நல்ல கனமுங்கய்யா" என்றார், இறங்கிப் போனார்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. முப்பது வயதைக் கடந்த, உடலில் வலுவுள்ள நான், சமத்துவம் பேசப் போய்க்கொண்டிருந்த நான், கை கட்டி அமர்ந்திருந்தேன். கோடைக் கூட்டத்தில் பேச எடுத்துவைத்திருந்த குறிப்பைக் கிழித்துவிட்டு, இதைத்தான் பேசினேன்.